போயிட்டு என்ற பாதிச் சொல்

தியேட்டரில் போடும் இந்தக் கடைசி எபிசோட் முடிவதற்குள் தெரிந்துவிடும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கைப்பிடி கழன்ற இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், ஆனால் அந்த உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை, கால் கட்டைவிரல் செருப்பின் வாரை நெம்பிக்கொண்டே இருக்கிறது, ஏசி காற்று நேராகக் கழுத்தில் இறங்குகிறது, யாரோ பாப்கார்னுக்கு வெண்ணெய் அதிகம் போடச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார்கள். திரையில் துறைமுகம். மினாமோ நடந்து வருகிறாள், பதினாலு வயதுச் சிறுமியாக உலகத்தைக் காப்பாற்றிய மினாமோ, இப்போது நாற்பதை நெருங்குகிறாள், இடது முழங்கால் கொஞ்சம் இழுக்கிறது, ஒரு கையில் காய்கறிப் பை. அவளுக்குப் பின்னால் துறையின் குறுக்கே மல்லாந்து கிடக்கிறது தோகிவா. ஒரு காலத்தில் மேகத்தில் தலை இடிக்க நின்ற ராட்சச ரோபோ, இப்போது அதன் வயிற்றின் மேல் மீன் காயப் போட்டிருக்கிறார்கள். அந்த மீனைப் பார்த்ததும் அரங்கத்தின் இடது பக்கம் முழுக்க ஒரு ‘ப்ச்’. இடது பக்கம் கறுப்புச் சட்டைக்காரர்கள், முதுகில் ‘பழைய தோகிவா போதும்’ என்று அச்சடித்திருக்கிறது. வலது பக்கம் இந்த இரண்டாம் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள். யாரும் இப்படிப் பிரிந்து உட்காரச் சொல்லவில்லை, தானாகவே பிரிந்துவிட்டார்கள், கல்யாண வீட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. நானும் ரமாமணியும் தெரியாத்தனமாகக் கறுப்புச் சட்டைகளுக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்டோம். ரமாமணிதான் மினாமோவின் தமிழ்க் குரல். முதல் பாகத்திலும் அவள்தான், இதிலும் அவள்தான். அது இங்கே யாருக்கும் தெரியாது. அவள் கைப்பையிலிருந்து ஓமப்பொடிப் பொட்டலத்தை எடுத்துச் சத்தம் கேட்காமல் பிரிக்கப் பார்க்கிறாள், பொட்டலம் அரங்கத்துக்கே கேட்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒரு சொல். ஒன்றுகூட இல்லை, அரை. மினாமோ கடைசியில் சொல்லப்போகும் வசனம் தமிழில் என்னவாக வரப்போகிறது என்பது மட்டும். மூன்று விதமாக எடுத்து அனுப்பினோம், மும்பையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள், எதை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டப்பிங் இயக்குநர் செங்குட்டுவன் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், வழுக்கையின் நடுவில் திரை வெளிச்சம் மாறி மாறி விழுகிறது, உள்ளே வரும்போதே கையை விரித்துவிட்டார். எனக்கே தெரியாது உலகு மேடம், நானும் உங்கள மாதிரி பார்க்க வந்தவன்தான். உலகம்மை என்ற என் பெயரை நாகோயாவில் எல்லோரும் ‘உராகா’ ஆக்கிவைத்திருந்தார்கள், இங்கே வந்து பதினோரு மாதமாகியும் யாராவது உலகு என்று கூப்பிட்டால் ஒரு நொடி வேறு யாரையோ என்று திரும்பிப் பார்க்கிறேன். திரும்பி. இந்தத் திரும்பி என்ற சொல் வேறு. திரும்பி வந்துட்டீங்களா என்று கேட்கிறவர்கள் அதே மூச்சில் எப்ப திரும்பிப் போறீங்க என்கிறார்கள், குடியிருப்பின் வாட்ச்மேன் கேட்டாயிற்று, காஸ் போடுகிறவர் கேட்டாயிற்று, பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் வாரம் தவறாமல் கேட்கிறான். போவதும் திரும்பி, வருவதும் திரும்பி. அங்கே இருபத்திரண்டு வருஷமும் இதே கேள்வியைத்தான் ஜப்பானிய மொழியில் கேட்டார்கள், குனிந்து, மரியாதையாக. எந்தப் பக்கம் முகத்தை வைத்தாலும் எனக்கு முதுகுப் பக்கத்தில்தான் வீடு.

கடைசி இரண்டு எபிசோடுக்கும் நடுவே விட்ட இடைவேளையில் பின் வரிசைக்காரர் சொன்னார். தீர்த்தகிரி என்று பெயர், முப்பது வயதிருக்கும், கிருஷ்ணகிரியில் மொபைல் கடை, விடிகாலை பஸ் பிடித்து இதற்காகவே வந்திருக்கிறார், கறுப்புச் சட்டை. பள்ளியில் படிக்கும்போது சாயங்காலமானால் டிவியில் தோகிவா, தெருவே காலியாகிவிடுமாம். ரோபோவுக்குள் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் மினாமோ திரும்பிப் பார்த்து ‘போயிட்டு வர்றேன்’ என்பாள், கீழே நிற்கும் மெக்கானிக்குகள் எல்லோரும் தொப்பியைத் தூக்கி ‘போயிட்டு வா’ என்பார்கள். அதற்கப்புறம் எந்தப் பையனும் டியூஷனுக்குச் சும்மா கிளம்பியதில்லை மேடம், வாசல்ல நின்னு போயிட்டு வர்றேன்னு கத்துவோம், எங்கம்மா அடுப்படியிலேர்ந்து போயிட்டு வாடான்னு கத்தும், அதுக்கு ரோபோவும் தெரியாது ஒண்ணும் தெரியாது. பக்கத்திலிருந்த அவருடைய நண்பர் ஜோஷ்வா வலது பக்கத்துக் கட்சி, ஆனாலும் ஒன்றாகத்தான் வந்திருக்கிறார்கள், ஒரே பஸ், ஒரே சீட். இவன் இதுவரைக்கும் வந்த பன்னெண்டு எபிசோடையும் திட்டிக்கிட்டே ஒண்ணு விடாம பார்த்தவன் மேடம் என்று ஜோஷ்வா காலை வாரினார். தீர்த்தகிரி மசியவில்லை. சண்டையே இல்லாத ரோபோ கதை எதுக்கு, பிரியாணில சோறு மட்டும் போட்ட மாதிரி. ஊர் ஊராப் போய், போன பாகத்துல செத்தவங்க வீட்டுக் கதவ தட்டி, உக்காந்து டீ குடிக்கிறா. அதுக்கு ஒரு சீரியல். கடைசில அவ எங்க போனான்னுகூட சொல்லலியாமே, ஜப்பான்லயே அடிச்சிக்கிறாங்களாமே. நீங்க எந்தக் கட்சி என்றார் என்னிடம். நான் சிரித்து மழுப்பினேன். கடைசில மட்டும் இன்னிக்கு ஏமாத்தட்டும், நாங்க கத்துற கத்துல திரை கிழியும் பாருங்க என்றார். ரமாமணி ஓமப்பொடியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். பதினாலு வயதுக் குரலில் இருபது வருஷம் முன்னால் தன் காதில் கத்தியவள் கையிலிருந்து.

கத்தட்டும். கத்துவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது பொய். ஜப்பானில் அடித்துக்கொள்கிறார்கள் என்பது உண்மைதான், அதன் காரணம் இந்த அரங்கத்தில் எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும், தெரிந்திருப்பது ஒரு கல்லை விழுங்கிய மாதிரி இருக்கிறது. கடைசிக் காட்சியில் மினாமோ மறுபடி ரோபோவுக்குள் ஏறுகிறாள். அதன் இதயம் வெடிக்கப்போகிறது, ஊருக்கு நடுவே வெடிக்கக்கூடாது, கடலுக்கு அப்பால் யாராவது நடத்திக்கொண்டு போக வேண்டும். ஏறி, திரும்பிப் பார்த்து, ‘இத்தே’ என்கிறாள், அங்கேயே கதவு மூடிவிடுகிறது. முழுசாகச் சொன்னால் ‘இத்தெகிமாஸ்’, போய்விட்டு வருகிறேன். முதல் பாகத்தில் ஒவ்வொரு எபிசோடிலும் அவள் சொன்னது. இப்போது பாதிதான். மீதியைச் சொல்வதற்குள் கதவு மூடியதா, சொல்லக்கூடாது என்று அவளே நிறுத்தினாளா, அதைத்தான் அங்கே அடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவதாக ஒரு சின்னக் கட்சி உண்டு, அவர்களை யாரும் சட்டை செய்வதில்லை, நானும் செய்யவில்லை. ‘இத்தே’ என்றால் ‘சொல்லு’ என்றும் பொருள், இரண்டும் ஒரே சத்தம்தான், அவள் சொல்லு என்றுதான் சொன்னாள் என்பது அவர்கள் வாதம். யாரைப் பார்த்து, எதைச் சொல்லச் சொன்னாள் என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை.

ஆங்கிலத்தில் அதை ‘கிளம்புகிறேன்’ என்ற மாதிரி ஒன்றாக்கி முடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த மொழியில் போவதோடு வருவதைக் கட்டிவைக்கக் கயிறு இல்லை. அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழ் எழுதியவர் ‘நான் போறேன்’ என்று எழுதிவிட்டார். ஜப்பானிய மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள், திரும்பி வந்து நான் தமிழில் செய்யும் முதல் வேலை, சாலிகிராமத்தில் தையல் கடைக்கு மேல் மாடியில் அந்த ஸ்டூடியோ, ஒலி புகாத கதவைத் திறந்தால் கீழேயிருந்து தையல் மிஷின் சத்தம் ஏறி வரும். அந்தத் தாளைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நாகோயாவில் மொழிப் பள்ளியில் முதல் வாரம், டீச்சர் இந்த ‘இத்தெகிமாஸ்’ஸை விளக்கிக்கொண்டே இருந்தார், பிரேசில்காரர் கேட்கிறார், போகிறவன் எதற்கு வருகிறேன் என்கிறான், சீனப் பெண் கேட்கிறாள், உடனே வந்துவிடுவானா. எனக்கு மட்டும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் இப்படித்தான் என்றேன். டீச்சர் நம்பவில்லை, கரும்பலகையில் எழுதச் சொன்னார், எழுதினேன், போய், விட்டு, வருகிறேன், அவருடைய எழுத்துகளுக்குக் கீழே என் எழுத்துகள் ஒன்றுக்கு ஒன்று நேராக வந்து உட்கார்ந்தன. குளிர் தேசம், கையில் காசில்லை, வாய்க்கு ஒரு ரசஞ்சோறு கிடைக்காத ஊர், அன்றைக்கு ராத்திரி தனியாக அறையில் சிரித்துக்கொண்டே தூங்கினேன். ஆகவே எங்களால் முடியும், வேறு யாராலும் முடியாது, பாதியில் நிறுத்தினால் தமிழில் ‘போயிட்டு’. அவ்வளவுதான். போயிட்டு என்று சொல்லி நிறுத்தினால் தமிழ் கேட்கிற எந்தக் காதும் அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாது. காது காத்திருக்கும்.

மும்பையிலிருந்து சேனல்காரர் ஸ்பீக்கரில் பேசினார். பாதி வசனம் போட முடியாது, ஒலி கட்டாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் புகார் செய்வார்கள் என்றார். மூலத்திலேயே அப்படித்தான் என்றேன். அது ஜப்பான் என்றார். நான் நாகோயாவில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜப்பான்காரர்கள், நம் ஊர்க்காரர்கள் என்று இரண்டு பக்கத்துக் கோபத்தையும் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துப் பழகியவள், என் சொந்தக் கோபம் வந்தால் எந்த மொழியில் வைப்பது என்று தெரியாமல் போய்விடும், மன்னிக்கணும், தங்கள் கருத்து சரிதான், ஆனாலும், என்று ஏதோ குழைந்தேன். வேணும்னா போயிட்டு வர்றேன்னு முழுசாவே சொல்லிடலாமே, ஃபேன்ஸுக்குப் பிடிக்குமே என்றார் செங்குட்டுவன். எனக்கும் அதுதான் ஆசை. ஆசை என்ன, உயிரே அதில்தான் இருந்தது. ஆனால் மினாமோ அதைச் சொல்லவில்லையே. சொல்லாததைச் சொன்னதாக நான் எப்படி எழுதுவது. சரி மேடம், மூணு விதமாவும் எடுத்து அனுப்பிடறேன், அவங்க தலையில எது விடியுதோ விடியட்டும் என்றார். அப்போதுதான் ரமாமணி மைக்கை விட்டு எழுந்துவிட்டாள். போறேன்னு நான் சொல்ல மாட்டேன். ஏன்? வீட்டை விட்டுக் கிளம்பறவ வாயால போறேன்னு வருமா, அபசகுனம். அவள் சொல்லச் சொல்லத்தான் முதல் பாகத்துக்கு டப்பிங் செய்த கதையே எனக்குத் தெரிந்தது. அப்போதும் ஆங்கிலத்திலிருந்து வந்த தாளில் ‘இதோ போகிறேன்’ என்றுதான் இருந்ததாம். இவள் இதே மாதிரி எழுந்து நின்றிருக்கிறாள். அன்றைய டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, சரிம்மா தாயே, போயிட்டு வர்றேன்னே சொல்லித்தொலை என்றிருக்கிறார். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துத் தெரியாத இவர்கள், ஒரு சகுன பயத்தினால், மூலத்தை அப்படியே தொட்டுவிட்டார்கள். தீர்த்தகிரியின் தெரு முழுக்க வாசலில் நின்று கத்தியது அதைத்தான். நான் சிரித்த சிரிப்பில் ஒலிப்பதிவாளர் பயந்துபோனார். கடைசியில் ரமாமணியைக் கெஞ்சி அந்தப் ‘போறேன்’ஐயும் எடுத்தோம், சொல்லி முடித்து ஒலிப்பதிவு விளக்கு அணைந்ததும் அவள் மைக்கிடம் ‘வர்றேன்’ என்று முணுமுணுத்துத் தோஷம் கழித்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

திரையில் மினாமோ காய்கறிப் பையைப் படகுத்துறையில் வைக்கிறாள். பையிலிருந்து ஒரு முள்ளங்கி எட்டிப் பார்க்கிறது. முள்ளங்கியா, அதையும் காட்டுறானா என்கிறது தீர்த்தகிரியின் குரல் பின்னால், ஜோஷ்வா ‘ஷ்ஷ்’ என்கிறார். அந்த முள்ளங்கியைப் பார்த்தால் எனக்கு, இதே மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு கடையிலிருந்து வரும் எழில் ஞாபகம் வருகிறது, வரக்கூடாது என்று இவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தேன், ஒரு முள்ளங்கி போதுமாயிருக்கிறது. என் மகள். அந்த ஊரில் பிறந்து அந்த ஊரில் வளர்ந்தவள், ஆசையாக எழில் என்று பெயர் வைத்தோம், ழகரமும் லகரமும் இல்லாத தேசத்தில், பள்ளியில் எல்லோரும் ‘எரிரு’ என்றார்கள். அவளுடைய அப்பாவும் நானும் சத்தம் போடாமல் பிரிந்த பிறகு இருவராகத்தான் இருந்தோம். தினம் காலையில் ஷூவைக் குத்தி மாட்டிக்கொண்டு ‘இத்தெகிமாஸ்’ என்பாள், நான் அடுப்பிலிருந்து ‘போயிட்டு வா’ என்பேன். அவள் அந்த மொழியில், நான் இந்த மொழியில், இரண்டு பக்கமும் ஒரே பல்லில் விழுந்து மூடும் ஜிப் மாதிரி, எங்கள் வீட்டில் வேறு எந்தப் பேச்சும் அவ்வளவு சுத்தமாக மூடியதில்லை. படிப்பு முடிந்து வேலை கிடைத்து அவள் தனியாக அறை எடுத்த பிறகுதான் நான் கிளம்பினேன். விமான நிலையத்தில் என் பெட்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். இப்ப நான் என்ன சொல்லணும்மா? போயிட்டு வாங்கன்னு சொல்லணுமா? நீங்க போறீங்களா, வீட்டுக்குத் திரும்பறீங்களா? நான் இரண்டு மொழியிலும் தேடினேன். அதற்குள் அவளே பாத்துப் போங்க என்றாள். பார்த்துப் போங்க என்பது மழை பெய்யும்போது யாருக்கும் சொல்வது.

எழில் கறுப்புச் சட்டைக் கட்சி. அங்கே முதலில் வெளிவந்ததும் பார்த்துவிட்டு போனில் சொன்னாள், அவ வரமாட்டாம்மா. வர்றவளா இருந்தா முழுசா சொல்லியிருப்பா. பாதியில நிறுத்தறவங்க எல்லாம் வராதவங்கதான். மினாமோவைப் பற்றித்தான் சொன்னாள். மினாமோவைப் பற்றித்தானே. அதற்கப்புறம்தான் இந்த வேலை என் கைக்கு வந்தது, வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் விடவில்லை, பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. ‘போறேன்’ என்று வந்துவிட்டால் எழில் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும், என் மொழியே அவள் பக்கம் சாட்சி சொன்ன மாதிரி. ‘போயிட்டு வர்றேன்’ என்று வந்தால் கை தட்டுவார்கள், தீர்த்தகிரியும் தட்டுவார், நான் மட்டும் பொய் என்று தெரிந்து உட்கார்ந்திருப்பேன். ‘போயிட்டு’ என்று வந்து யாரும் காத்திருக்காமல் போய்விட்டால்? அதுதான் பெரிய பயம். கரும்பலகையில் நேராக உட்கார்ந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் பூரித்துக்கொண்டிருந்தேன், இங்கே இப்போது யாருடைய காது அப்படி இருக்கிறது. எல்லோரும் பை சொல்கிறார்கள். வாட்ச்மேன்கூட பை மேடம் என்கிறார். மும்பைக்காரர் சொன்னதுபோல ஒலி கட்டாகிவிட்டது என்று நினைப்பார்கள், ஆபரேட்டரைத் திட்டுவார்கள், விசில் அடிப்பார்கள், கிழியும் திரை. நான் இல்லாத காலத்தில் இந்த மொழி என்னை விட்டு எவ்வளவு தூரம் நடந்துவிட்டது என்று இன்னும் சில நிமிடங்களில் தெரியும். எழுந்து வெளியே போய்விடலாமா. கழிவறைக்குப் போகிற மாதிரி. முழங்காலுக்கு முன்னால் வரிசையாகக் கால்கள், எல்லோரையும் எழுப்பிக்கொண்டு போக வேண்டும், எக்ஸ்கியூஸ் மீ எக்ஸ்கியூஸ் மீ என்று. ரமாமணி என் முழங்கை மேல் கையை வைக்கிறாள், ஓமப்பொடி எண்ணெய் பிசுபிசுக்கிறது. எங்க போறே, உக்காரு.

ரோபோவின் மார்புக் கதவு திறக்கிறது. துரு உதிர்கிறது. மீன் காயப் போட்டிருந்த கிழவர்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள், பழைய மெக்கானிக்குகளில் உயிரோடிருக்கும் சிலர் கீழே வந்து நிற்கிறார்கள், ஒருவர் ஊன்றுகோலோடு, ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. இடது பக்கத்துச் சலசலப்பு எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. ஏணியில் ஏறுகிறாள், முழங்கால் வலிக்கிறது அவளுக்கு, ரமாமணியின் மூச்சு அரங்கத்தின் எல்லா மூலையிலிருந்தும் கேட்கிறது, அந்த மூச்சுக்கு அவளை ஸ்டூடியோவில் மாடிப்படி ஏறி இறங்க வைத்தோம், தையல் கடைக்காரர் என்னம்மா எக்ஸர்சைஸா என்று கேட்டார். பக்கத்தில் நிஜ ரமாமணி மூச்சே விடவில்லை. செங்குட்டுவனின் வழுக்கை ஆடாமல் நிற்கிறது. மினாமோ உள்ளே கால் வைக்கிறாள். திரும்புகிறாள். வயதான முகம், நெற்றியில் முடி ஒட்டியிருக்கிறது, கீழே நிற்பவர்களைப் பார்க்கிறாள், அவர்கள் பின்னால் நாங்கள் இருக்கிறோம், எங்களையும் பார்க்கிறாள். உதடு திறக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

“போயிட்டு—”

கதவு. இரும்போடு இரும்பு மோதும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, படத்தில் இசைகூட இல்லை, காற்று மட்டும், கண்ணைத் திறக்கிறேன், மூடிய கதவு திரை முழுக்க நிற்கிறது, போட்டுவிட்டார்கள், என் பாதியைப் போட்டுவிட்டார்கள், யார் தேர்ந்தெடுத்தது, அந்த ஸ்பீக்கர் மனிதரா, அவர் வீட்டில் யாராவது வாசலில் நின்று எதையாவது பாதியில் விட்டார்களா, சந்தோஷப்பட வேண்டும், சந்தோஷம் வரவில்லை, ஏனென்றால் அரங்கம் சும்மா இருக்கிறது. கதவு நிற்கிறது. ஏசியின் உறுமல். யாரோ இருமுகிறார்கள். இப்போது விசில் வரும். இப்போது ‘டேய் ஆபரேட்டர்’ வரும். என் காதுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிடுகிறது, தீர்த்தகிரி முன்னால் சாய்கிறார், கத்துவதற்குத்தான் மூச்சை இழுக்கிறார், எனக்குக் கேட்கிறது அந்த இழுப்பு, தோளைக் குறுக்கிக்கொள்கிறேன்.

“வா,” என்கிறார்.

கத்தவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி, பாதி தெலுங்கு வாடை அடிக்கும் அந்தக் கிருஷ்ணகிரித் தமிழில் ஒரு ‘வா’. அது விழுந்து முடிவதற்குள் வலது பக்கத்தில் இன்னொன்று. பால்கனியில் ஒரு பெண் குரல், போயிட்டு வா. அதற்கப்புறம் எண்ண முடியவில்லை, போயிட்டு வா, போயிட்டு வா, கறுப்புச் சட்டைகள் எழுந்து நிற்கிறார்கள், எதிர்க் கட்சிக்காரர்கள் எழுந்து நிற்கிறார்கள், யாரோ தொப்பியைத் தூக்கி வீசுகிறார், முப்பது வயது, முப்பத்தைந்து வயது, வழுக்கை விழுந்தவர்கள், மடியில் பிள்ளை வைத்திருப்பவர்கள், எல்லோரும் டியூஷனுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிற குரலில், இல்லை, அவர்களுடைய அம்மாக்களின் அடுப்படிக் குரலில், கூரையில் போய் முட்டுகிறது அந்த ‘வா’, என் பல்லில் அதிர்கிறது, நாற்காலியின் கழன்ற கைப்பிடி அதிர்கிறது. காது காத்திருந்தது. ஒரு நொடிகூட விலகாமல் காத்திருந்தது, என் கரும்பலகை எழுத்துகள் இத்தனை தொண்டைகளில் அப்படியே நேராக உட்கார்ந்திருக்கின்றன. அப்போதுதான் அது என்னை அறைகிறது. மூன்றாவது கட்சி. யாரும் சட்டை செய்யாத அந்தச் சின்னக் கட்சி. இத்தே என்றால் சொல்லு. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று கேட்டோமே, எதைச் சொல்லச் சொன்னாள் என்று கேட்டோமே. மீதியைச் சொல்ல வேண்டியது அவள் இல்லை. நிற்கிறவர்கள். வருவாளா மாட்டாளா என்பது போகிறவள் வாயில் இல்லவே இல்லை, வா என்று சொல்ல ஆள் இருக்கிறதா என்பதுதான், அவ்வளவு சின்ன விஷயம், இரண்டு மொழியையும் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தவளுக்கு ஒரு மொபைல் கடைக்காரரின் தொண்டை வேண்டியிருந்தது. என் மணிக்கட்டு நோகிறது, ரமாமணி நெரித்துக்கொண்டிருக்கிறாள், திரையைப் பார்த்தபடி, கண் வழிய, யாருக்கும் கேட்காமல் அந்தப் பதினாலு வயதுக் குரலில் ‘வர்றேன்’ என்கிறாள். அடுத்த நாற்காலிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்.

விளக்கு வந்ததும் சண்டை விட்ட இடத்தில் தொடங்கிவிட்டது. படியில் இறங்கும்போதே இரண்டு கட்சியும் கை நீட்டிப் பேசுகிறார்கள், தீர்த்தகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. என்ன இருந்தாலும் ஒரு சண்டை வச்சிருக்கணும் மேடம், ஒரே ஒரு சண்டை, முள்ளங்கிக்குப் பதிலா. ஜோஷ்வா அவரைத் தோளைப் பிடித்து இழுக்கிறார், பஸ் போயிடும்டா. செங்குட்டுவன் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறார், நானும் தூக்குகிறேன், கோயிலில் தேர் நிலைக்கு வந்த மாதிரி இருவரும் சிரிக்கிறோம். தீர்த்தகிரி வாசலில் நின்று திரும்பினார்.

“வர்றேன் மேடம்.”

“வாங்க,” என்றேன்.

அவர் போனார். வெளியே வடபழனி வெயில், ஹாரன், பூக்கடைத் தண்ணீர் காலில் பட்டது, எனக்கு எல்லாவற்றின் மேலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ரமாமணிக்கு மதியம் ஒரு சீரியல் மாமியார் குரல் இருந்தது, ஆட்டோவில் ஏறியதும் அதற்குத் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டே கிளம்பினாள். நான் பூக்கடை நிழலில் ஒதுங்கி நின்று போனை எடுத்தேன். அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை, துணி காயப் போட்டுக்கொண்டிருப்பாள். எடுத்தாள். என்னம்மா இவ்வளவு சத்தம், எங்க இருக்கீங்க? இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். பதினோரு மாதமாக அவளிடம் சொல்ல எத்தனையோ வாக்கியங்கள் கட்டிவைத்திருந்தேன், இரண்டு மொழியிலும், எல்லாம் முழு வாக்கியங்கள். ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

“எழில்,” என்றேன். “போயிட்டு—”

நிறுத்திவிட்டேன். மறுமுனையில் காற்று. துணி படபடக்கும் சத்தம்.

“அம்மா? ஹலோ? லைன் கட்டாயிடுச்சா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மும்பைக்காரர் சொன்னது சரிதான். சிரித்துக்கொண்டே சொன்னேன், இல்ல, கட்டாகல, நான் இருக்கேன், நீ சொல்லு. அப்புறம் அவளுடைய மொழியிலும் சொன்னேன், இத்தே. ஒரு கிளிப் தரையில் விழுந்து உருண்டது கேட்டது. மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது, எனக்கு இப்போது அந்த இழுப்பைக் கண்டு பயமில்லை, வெயிலில், பூக்கடை ஓரத்தில், எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம் என்று நின்றேன், அவ்வளவு நேரம் ஆகவில்லை.

“வாங்கம்மா,” என்றாள் என் மகள், “போயிட்டு வாங்க.”